ஏழு தலைமுறைக்கும் தண்ணீர் வேண்டும்! பாரூர் ஏரிக்கரை சொல்லும் பாடம்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகப் போனால் பாரூர். பெயரில் காவிரி இருந்தாலும் காவேரிப்பட்டணத்தில் ஓடுவது தென்பெண்ணை. அந்த ஆற்றின் குறுக்கே உள்ள நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வரும் தண்ணீர்தான் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. கரையில் நின்றால் ஒரு பக்கம் விரிந்து கிடக்கும் தண்ணீர், மறுபக்கம் நெல் வயலும் தென்னந்தோப்பும். பக்கத்து ஊரான அரசம்பட்டி தென்னங்கன்றுக்குப் பேர்போனது.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பலவும் 'அள்ளி' என்று முடியும். கன்னட 'ஹள்ளி'தான் இங்கே அள்ளி ஆகிவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் மாவட்டம் இது.

மதகுக்கும் முறை உண்டு

ஏரியின் கிழக்கு, மேற்குக் கால்வாய்களை நம்பி சுமார் 2,400 ஏக்கர் நிலம் இருக்கிறது. பாசனத்துக்குத் திறந்துவிட்டாலும் தினமும் தண்ணீர் ஓடாது. சில நாள் மதகு திறந்திருக்கும், சில நாள் மூடியிருக்கும். தலைமடைக்காரர் விட்டுக்கொடுத்தால்தான் கடைமடைக்காரர் வயல் நனையும். கட்டியிருக்கும் வேட்டியின் கரை எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், முறை முறைதான்!

எல்லை தாண்டினால்..?

ஏரிக்குள் சாத்தியமான இந்தப் பங்கீடு, ஆற்றுக்கு வரும்போது சிக்கலாகிறது. தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலையில். பெங்களூருவின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மலைபோல் நுரை பொங்கிய காட்சிகளைப் பலரும் செல்போனில் பார்த்திருப்பார்கள். பிறகு 1957-ல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோல் அருகே கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழகம் 2018-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2019-ல் அந்த வழக்கின் இடைக்கால மனு தள்ளுபடியானது.

காவிரிப் பிரச்னையின் சூட்டையும் இந்த எல்லை அறியும். 2016 செப்டம்பரில் பேருந்துகள் நின்றுபோக, அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே மூட்டை முடிச்சுகளோடு மக்கள் நடந்தார்கள்.

கணக்குக்கு முன் கண்ணீர்

இப்படிப் பிரிந்து நிற்பவர்களை உட்காரவைத்துப் பேசும் கலையில் தேர்ந்தவர்கள், வட அமெரிக்காவின் பூர்வகுடிகளான இரோக்குவா மக்கள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என ஐந்து இனங்கள் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தன. பிறகு ஆயுதங்களை ஒரு பைன் மரத்தின் வேரடியில் புதைத்து ஒரே கூட்டமைப்பானார்கள் என்கிறது அவர்களின் மரபு. 18-ம் நூற்றாண்டில் டஸ்கரோரா இனமும் சேர்ந்தது. அமெரிக்க அரசியல் அமைப்பின் உருவாக்கத்துக்கு இவர்களின் பங்களிப்பு உண்டு என 1988-ல் அந்நாட்டு நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது.

இறந்தவர்களுக்கான அவர்களின் துக்கச் சடங்கில், எதிரே இருப்பவரின் கண்ணீரைத் துடைப்பதும், செவியையும் தொண்டையையும் சுத்தம் செய்வதும் சொல்லாலேயே நடக்கும். துக்கம் தீராதவரிடம் நியாயம் பேச முடியாது என்பது அதன் பொருள். முடிவெடுக்கும்போது ஏழு தலைமுறைக்குப் பின் வருகிறவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் பெயரால் உலகம் அறிந்த கொள்கை. நம்மூரில் ஏழு தலைமுறை என்றால் 'உட்கார்ந்து சாப்பிடலாம்' என்ற சொத்துக் கணக்கு. அவர்களுக்கோ அது பொறுப்புக் கணக்கு!

காவிரிக் குடும்பம்

நாமும் இதை முயன்றிருக்கிறோம். 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் சந்தித்து 'காவிரிக் குடும்பம்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். மன்னார்குடி ரங்கநாதனும், கர்நாடக விவசாயத் தலைவர் புட்டண்ணையாவும் அதில் பங்கேற்றார்கள். டெல்டாவின் காய்ந்த வயலை அவர்கள் வந்து பார்த்தார்கள். இவர்கள் கர்நாடக வயல்களைப் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டுக்கான இறுதிச் சொல் நடுவர் மன்றத்திலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும்தான் வந்தது. ஆனாலும், எதிராளி என்று நினைத்தவரும் தன்னைப்போல ஒரு சம்சாரிதான் என்பது இரு தரப்புக்கும் புரிந்தது.

தென்பெண்ணைக்கும் அப்படியொரு குடும்பம் தேவை. அதன் முதல் கூட்டத்தைப் பாரூர் ஏரிக்கரையில் வைக்கலாம். முறை வைத்துத் தண்ணீர் விடுவது எப்படி என்று இந்த மதகே சொல்லிக்கொடுத்துவிடும்.