இருட்டில் தெரிந்த வெள்ளை உருவம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மக்காச்சோளம் விதைத்த நாட்களில் பல விவசாயிகளுக்கு ராத்தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் வந்தால், விதைத்த வரிசையைப் பிடித்துக்கொண்டே போய், மண்ணைக் கிளறி விதையைத் தின்றுவிடும். விடிந்து பார்த்தால் புதிதாக உழுது போட்டதுபோல வயல் கிடக்கும்.

அறுபதைத் தாண்டிய அந்த விவசாயியும் அன்று தூங்கவில்லை. 14 வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு, பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். மடியில் துப்பாக்கி; அதன்மேல் தெர்மல் ஸ்கோப்.

1500களில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகளில் சில தப்பிக் காட்டுக்குள் போயின. 1930களில் வேட்டைக்காகவே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்து பெருகின. இன்று டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2019 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம்.

அவருக்குப் பன்றி மேல் மட்டுமல்ல, கொயோட்டி மேலும் கோபம். நம்மூர் குள்ளநரியைவிடக் கொஞ்சம் பெரிய விலங்கு அது. முந்தின வாரம்தான், பிறந்து இரண்டே நாளான கன்று ஒன்றைக் கொன்றிருந்தது.

தெர்மல் ஸ்கோப்புக்கு நிலவும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அது படமாக்கிவிடும். அவர் வைத்திருந்த அமைப்பில் குளிர்ந்த மண் கறுப்பாகவும், சூடான உடம்பு வெள்ளையாகவும் தெரியும். கறுப்புப் பன்றியும் வெள்ளைதான், பழுப்புக் கொயோட்டியும் வெள்ளைதான். தூரத்தைக் கணிப்பதும் கஷ்டம். அங்கே ஓர் உயிர் இருக்கிறது என்று சட்டென்று காட்டிவிடும். எந்த உயிர் என்பதைப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரவு இரண்டு மணி இருக்கும். கையடக்கக் கருவியில் பார்த்துக்கொண்டிருந்த பேரன் கிசுகிசுத்தான். "தாத்தா, வேலிப்பக்கம்! கொயோட்டி!"

நாலு கால். தாழ்த்திய தலை. மண்ணை முகர்ந்தபடி மெதுவாக வந்தது. பெரியவர் குறிபார்த்தார். ஆனால், விரலை விசைமேல் வைக்கவில்லை.

"சுடுங்க தாத்தா, போயிடும்!"

"போனா போகட்டும். முதல்ல அது என்னன்னு தெரியட்டும்."

ஒரு நிமிடம் போனது. அந்த உருவம் தலையை நிமிர்த்திக் காற்றை மோப்பம் பிடித்தது. வால் மெல்ல எழுந்து முதுகின்மேல் வளைந்தது. கொயோட்டி ஓடும்போதுகூட வாலைத் தொங்கவிட்டுத்தான் ஓடும். பெரியவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

அது பக்கத்து நிலத்து அம்மாவின் நாய். அவருடைய ஆடுகளைக் காவல் காக்கும் கிரேட் பிரனீஸ். பகலில் பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும். கொயோட்டியை விரட்டத்தான் அதுவும் ராத்திரியெல்லாம் சுற்றுகிறது.

பேரனுக்குக் கை நடுங்கியது. "நான் சுட்டிருப்பேன், தாத்தா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "நான் சுட்டேன்டா. இந்த ஸ்கோப் வாங்கின முதல் மாசம். கிட்டப் போய்ப் பார்த்தா, நம்ம கன்னுக்குட்டி. விடியறதுக்குள்ள புதைச்சுட்டேன். பாட்டிகிட்ட கொயோட்டி தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன்."

அதிகாலையில் பன்றிகள் வந்தன. இரண்டு விழுந்தன, மிச்சம் சிதறி ஓடின. அவை திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். மொத்தக் கூட்டத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் பெரிய பட்டி வைத்தால்தான் ஓரளவாவது குறையும்.

காலையில் முதல் வேலையாகப் பக்கத்து அம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னார். இனி வேட்டைக்கு உட்காரும் இரவுகளில் முன்கூட்டியே சொல்வதாகவும், அன்று நாயைப் பட்டிக்குள் வைத்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார்.

பிறகு சாப்பாட்டு மேஜையில், மனைவியிடம் அந்தக் கன்றுக்குட்டி விஷயத்தைச் சொன்னார். பேரன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் காபியை ஊற்றிக்கொண்டே சொன்னார். "தெரியும். அன்னைக்கு மண்வெட்டியைக் கழுவாமலே வச்சிருந்தீங்க. நீங்களா சொல்வீங்கன்னுதான் காத்திருந்தேன்."