அம்மாவின் அளவு நோட்டு

எங்கள் வாசலில் படகு ஷாஃப்ட் கிடக்காத நாள் அபூர்வம். நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போகும் வழியில் அப்பாவின் லேத் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் வீடு. எஞ்சினையும் ப்ரொப்பல்லரையும் இணைக்கும் அந்த நீளத் தண்டுகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன்.

விசைப்படகின் தண்டு பெரும்பாலும் புஷ்ஷுக்குள் சுழலும் இடத்தில் தேயும். இல்லையென்றால், கடல் உள்ளே வராமல் பேக்கிங் கயிறு திணித்திருக்கும் இடத்தில். மணல் கலந்த தண்ணீர் அரைத்து அரைத்துப் பள்ளம் விழும். படகு ஓடும்போது அந்தப் பேக்கிங் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிய வேண்டும். அதுதான் சூட்டைத் தணிக்கும். ஒரு சொட்டும் வரக் கூடாதென்று இறுக்கியவர்களின் தண்டு சீக்கிரமே எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

தண்டைத் தூக்கிவந்து போட்டுவிட்டு ஆண்கள் டீக்கடைக்குப் போவார்கள். செலவு எவ்வளவு என்று கேட்க வருவது பெண்கள். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவிடம்தான் கேட்பார்கள்: "புதுசு போடணுமாக்கா, சரி பண்ணிடலாமா?" புதுசு என்றால் நகை அடகுக்கடைக்குப் போகும்.

பெரும்பாலும் சரி பண்ணிவிடலாம். தேய்ந்த இடத்தைக் கடைந்து சுத்தமாக்கி, வெல்டிங் வைத்து நிரப்பி, மெதுவாக ஆறவிட்டு, மறுபடி லேத்தில் ஏற்றிப் பழைய அளவுக்குக் கடைய வேண்டும். ஒரே பக்கமாக வெல்டிங் வைத்தால் சூட்டில் தண்டு வளையும். அதனால் இந்தப் பக்கம் ஒரு கோடு, நேர் எதிரே ஒரு கோடு என்று திருப்பித் திருப்பி வைப்பார் அப்பா. வெர்னியர் பிடித்து அளந்து நோட்டில் எழுதுவது எட்டாவது வரை படித்த அம்மா. "அரை நூல் தேஞ்சிருக்கு" என்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. லேத் பக்கம் மட்டும் அவரை விடமாட்டார்கள், சேலை சிக்கிக்கொள்ளுமாம். தோளில் துண்டும் இடுப்பில் லுங்கியுமாக அங்கே நின்ற ஆண்களிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பத்து, பதினொரு வயதிருக்கும். ஒரு தண்டின் நுனியில், ப்ரொப்பல்லரைப் பிடித்துவைக்கும் சாவி உட்காரும் காடியை அம்மா வெகுநேரம் பார்த்தார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினார். வெள்ளையில் மயிரிழை போல ஈரக்கோடு எழுந்தது. விரிசல்.

மேலே வெல்டிங் வைத்து மூடிக் கொடுங்கள் என்றார் படகுக்காரர். அப்பா தயங்கித் தலையாட்டினார்.

"வைக்காதீங்க. அடியில ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றார் அம்மா.

நடுக்கடலில் தண்டு முறிந்தால் படகு நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். கோடியக்கரைக்கு அப்பால் எல்லை எவ்வளவு பக்கம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அப்போது இலங்கையில் போர்.

கூடையோடு நின்றிருந்த அந்த அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. "கழுத்துல கெடக்குறது இது ஒண்ணுதாங்க்கா. ஒங்க வீட்டுக்காரரே வச்சுத் தர்றேங்கறாரு. ஒங்களுக்கென்ன?"

அம்மா பதில் சொல்லவில்லை. அவர்கள் புதுத் தண்டு வாங்கினார்கள். சங்கிலியை மீட்க முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் அந்த அக்கா எங்கள் தெருவில் மீன் கூவிக்கொண்டு வருவார். எங்கள் வாசல் வரும்போது மட்டும் குரல் நின்றுவிடும். அம்மா உள்ளேயே இருப்பார்.

பழுதுபார்த்துப் பயன்படுத்துவது பெண்களின் அறம் என்று சொல்லும் கட்டுரைகளை வகுப்பில் நடத்துகிறேன். நல்ல கட்டுரைகள்தான். ஆனால் பழையதோடு ஓட்டுவதா, புதியதை வாங்குவதா என்று முடிவெடுக்கும்போது யார் கழுத்தில் கை வைக்கிறார்கள் என்ற பேச்சு அவற்றில் வருவதில்லை. அன்று அம்மா சொன்னது சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். இருந்தும் இதை மாணவிகளிடம் அம்மாவின் வெற்றிக் கதையாகச் சொல்ல ஒருமுறை முயன்று, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அம்மா இறந்தபின் அளவு நோட்டு என்னிடம் வந்தது. படகுக்காரர் பெயர், தண்டின் அளவு, கூலி; ஓரத்தில் சின்ன எழுத்தில் பணம் கொண்டுவந்த பெண்ணின் பெயர். அந்த நாளின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். 'சாவிக்காடியில் விரிசல். வெல்டிங் இல்லை. கூலி இல்லை.' ஓரத்தில் அந்த அக்காவின் பெயர். அதற்கு நேரே, 'சங்கிலி, இரண்டரைப் பவுன்.'