டிக்கியில் எதை வைப்பது?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என்னவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வந்தால் ஒன்று காபி வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ செலவு வரப்போகிறது என்று அர்த்தம்.

"நம்ம காரைக் காஸுக்கு மாத்திடலாம்னு பார்க்கிறேன். லிட்டருக்கு 36 ரூபாய் மிச்சம்! மாசம் 1,440 ரூபாய். ரெண்டு வருஷத்துக்குள்ள போட்ட பணம் வந்துடும்" என்றார்.

நாங்கள் இருப்பது ஒரகடம் பக்கம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் வந்தது. இன்று திரும்பின பக்கமெல்லாம் காரும் கார் உதிரி பாகமும்தான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அந்தக் காரைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில்! என்னவரும் அப்படித்தான். எங்கள் காரை ஓட்டுகிறவள் நான். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகவேண்டும். நாலு மணி நேரம் அந்த மெஷினோடு படுத்திருந்துவிட்டு எழுந்தால் அத்தைக்கு நாலடி நடக்கத் தெம்பிருக்காது. திரும்பி வரும்போது பின் சீட்டில் படுத்துவிடுவார். மடக்குகிற சக்கர நாற்காலி டிக்கியில் இருக்கும்.

மாதம் ஆயிரத்து நானூறு எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஊசி, மருந்து என்று போகிற போக்கில் அது பெரிய உதவிதான். அதனால் நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு லிட்டர் காஸில் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தி கிடையாது. மைலேஜ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். எங்கள் கார் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் கொடுத்தால் காஸில் 12 என்று வைத்துக்கொள்ளவேண்டும். பெட்ரோல் 101 ரூபாய், காஸ் 65 ரூபாய் என்று போட்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 73 பைசா, காஸில் 5 ரூபாய் 42 பைசா. மிச்சம் 1 ரூபாய் 31 பைசாதான். நாங்கள் ஓட்டுவது மாதம் 600 கிலோமீட்டர். ஆக, 786 ரூபாய். கிட் பொருத்த எங்களுக்குச் சொன்ன விலை 32,000. போட்ட பணம் வர மூன்று வருஷத்துக்கும் மேலாகும். "இதை ஏன் எனக்கு யாரும் சொல்லலை?" என்று அவர் நோட்டையே முறைத்தார்.

இருந்தாலும் அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் போனோம். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கார் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகுமாம். எஞ்சின் சூடேறின பிறகே காஸுக்கு மாறும். தொட்டியில் திரவமாக இருப்பது ஆவியாக வேண்டுமானால் உஷ்ணம் வேண்டும். அதை ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனக்குச் சட்டென்று புரிந்தது. விசேஷ நாளில் இரண்டு அடுப்பும் மணிக்கணக்காக எரிந்தால் நம் வீட்டு சிலிண்டர் வெளியே வியர்த்துச் சில்லென்று இருக்குமே, அதே சங்கதி! கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் கார் எடுப்பவர்களுக்கு, காஸுக்கு மாறுவதற்குள் வீடு வந்துவிடும்.

தொட்டியை முழுக்க நிரப்பவும் மாட்டார்கள். 80 சதவீதத்தோடு வால்வு தானே நிறுத்திவிடும். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் அல்லவா? கிட் அந்த மாடல் காருக்கு அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கவேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் மாற்றிப் பதியவேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுதித் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் விட்டால் விபத்து சமயத்தில் பணம் கிடைப்பது கஷ்டம்.

வெளியே வரும்போது அங்கே நின்றிருந்த ஒருவர் காதோடு ஒரு யோசனை சொன்னார்: "எதுக்கு சார் இவ்வளவு செலவு? வீட்டு சிலிண்டரையே டிக்கியில வெச்சுக் கனெக்‌ஷன் கொடுத்துடலாம்." எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. 2000-ல் சட்டத்தைத் திருத்தி, 2001-ல் தனி உத்தரவும் போட்டு, காருக்கென்று தனித் தொட்டி, தனி பங்க் என்று வைத்ததே இந்தக் கூத்தை நிறுத்தத்தானே! சமையல் சிலிண்டர் நிமிர்ந்து, ஆடாமல் நிற்பதற்குச் செய்தது. மேலிருந்து ஆவியைத்தான் கொடுக்கும். காருக்கு வேண்டியதோ தொட்டியின் அடியிலிருந்து திரவம். அதனால் சிலிண்டரைச் சாய்ப்பார்கள், கவிழ்ப்பார்கள். கசிந்தால் காஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, சீட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும். பின் சீட்டில் படுத்திருப்பது யார்?

வரும் வழியில் என்னவர் விடவில்லை. "கொரியாவில பெரும்பாலான டாக்ஸி காஸ்லதான் ஓடுதாம். இங்கே இருக்கிற கொரியாக்காரங்களைக் கேட்டுப்பாரு." உண்மைதான். ஆனால் டாக்ஸி நாள் முழுக்க ஓடுகிறது. சென்னையில் காஸில் ஓடுகிற ஆட்டோக்களும் அப்படித்தான். கொரியாவிலேயே எல்லோரும் நினைத்தபடி புது காஸ் கார் வாங்க 2019 வரை கட்டுப்பாடு இருந்தது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், வழியில் காஸ் பங்க் இருக்கிறவர் என்றால் நானே "மாற்றுங்கள்" என்பேன். காஞ்சிபுரம் போகும் எங்கள் வழியில் ஒரு காஸ் பங்க் கூட என் கண்ணில் படவில்லை.

அவர் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் நான் டிக்கியைத் திறந்து காட்டினேன். நீளத் தொட்டி வைத்தால் சக்கர நாற்காலிக்கு இடமில்லை. வட்டத் தொட்டி என்றால் ஸ்டெப்னி இருக்கிற பள்ளத்தில் உட்காரும். அப்போது ஸ்டெப்னி டிக்கிக்கு வரவேண்டும், இல்லை வீட்டில் இருக்கவேண்டும். "வாலாஜாபாத் தாண்டி ராத்திரி எட்டு மணிக்கு டயர் பஞ்சர் ஆனால், அத்தையை வெச்சுக்கிட்டு நான் என்னங்க செய்வேன்?"

அதற்குள் அத்தையே கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, அந்த நாற்காலியை விட்டுட்டா போகலாம்னா விட்டுடேன். உன் தோளைப் பிடிச்சுக்கிறேன்." மகனுக்கு மிச்சமாகட்டும் என்ற எண்ணம். அவர் அங்கேயே தலையைக் குனிந்துகொண்டார். நோட்டை மூடியது அப்போதுதான்.

கிட் போடவில்லை. இப்போது மாதம் இரண்டு தடவை டயரில் காற்று பார்க்கிறேன். கடைத்தெருவுக்கு நடந்தே போகிறேன். டயாலிசிஸுக்கு வரும் பக்கத்துத் தெரு அம்மா ஒருவரையும் எங்கள் காரிலேயே கூட்டிப் போகிறேன். வேண்டாம் என்றாலும் பெட்ரோலுக்குப் பாதிப் பணம் கொடுத்துவிடுகிறார். இப்போது டிக்கியில் இரண்டு சக்கர நாற்காலிகள். திரும்பும்போது அத்தை முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறார், அந்த அம்மா பின்னால்.