உடம்படுமெய்

தாத்தா கப்பலில் பணியாற்றியவர். 1957இல் லிவர்பூலிலிருந்து அவர் வாங்கி வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில், அப்பாவின் ஏழாம் வயதுப் பரிசு. தகரத் தளத்தின் மீது மூன்று தண்டவாளங்கள். நடுவிலிருப்பது மின்சாரத்தைக் கொடுக்கும், ஓரத்து இரண்டும் அதைத் திருப்பி எடுத்துச் செல்லும். சென்ற ஆண்டு லண்டனிலிருந்து மைத்துனர் என் மகளுக்கு அனுப்பிய ரயிலும் ஹார்ன்பிதான். அதற்கு இரண்டே தண்டவாளங்கள். பெயர் ஒன்று, 16.5 மில்லிமீட்டர் என்னும் இடைவெளியும் ஒன்று. சேர்ந்து ஓடும் என்று எண்ணிவிட்டேன். தமிழ் படித்தவனின் மின்னியல் அவ்வளவுதான்.

பழைய இஞ்சினைப் புதுப் பாதையில் வைத்ததும் மின்சாரம் நின்றது. பழைய சக்கரங்களும் அச்சும் முழுக்க உலோகம். மூன்று தண்டவாள முறையில் அதனால் தீங்கில்லை. ஓரத்து இரண்டும் ஒரே முனை. இரண்டு தண்டவாள முறையிலோ ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. அச்சு இரண்டையும் நேரே இணைத்துவிடுகிறது. பிறகுதான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். டப்ளோவைச் செய்த மெக்கானோ நிறுவனம் 1959இல் இரண்டு தண்டவாளங்களுக்கு வந்தது. 1964இல் போட்டியாளரான டிரையாங்கின் உரிமையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்றைய ஹார்ன்பி பெயரளவில்தான் வாரிசு. அதன் கொக்கிகூட டிரையாங் வழி வந்தது.

இஞ்சினில் கைவைக்க மனம் வரவில்லை. வேகன்களுக்கு மின்காப்புள்ள புதுச் சக்கரங்கள் போட்டால் போதும். ஆனால் இரண்டு தலைமுறைக் கொக்கிகளும் ஒன்றையொன்று பற்றா. ஒரே ஒரு வேகனில் மட்டும் ஒருபுறம் பழைய கொக்கியை விட்டு, மறுபுறம் புதியதைப் பொருத்துவதே வழி. வகுப்பில் உடம்படுமெய் நடத்தும்போதெல்லாம் இப்போது அந்த வேகன்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பழைய கொக்கியொன்றை அறுத்தாக வேண்டும், அறுத்தால் மீளாது. மூன்று வாரம் ரம்பம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஒருநாள் அவரே கேட்டார்: "எதுக்குடா யோசிக்கிற? அறுத்துடு. எனக்குக் கண்ணு தெரியிறப்பவே ஓடட்டும்."

அறுத்தேன்.

மகளின் இஞ்சின் தாத்தாவின் வேகன்களை இழுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவந்தது. அவள் கைதட்டினாள். அப்பா நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டு சுற்றுக்குப் பின், "நல்லாத்தான் ஓடுது. ஆனா அந்தச் சத்தம் போயிடுச்சேடா" என்றார்.

உலோகமும் உலோகமும் உரசும் அந்தக் கடகடப்பு, புதுச் சக்கரங்களில் இல்லைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய பாதையைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். மூன்று நாட்களாக நடுத்தண்டவாளத்தின் அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.