உப்பளக் கரையில் ஒரு மறந்த பெயர்

சென்னையினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் ஒரு மாறுதலைக் காண்பர். சவுக்கும் பனையும் பின்வாங்க, சாலையின் மருங்கில் கண்ணாடி பதித்தாற்போல் பாத்திகள் விரியும். பாத்திகளின் வரப்புகளில் வெண்குவியல்கள் நிற்கும். கூடைகளைத் தலையில் சுமந்து வரிசையாக நடக்கும் பெண்கள், அவ்வெண்மையின் நடுவே சிறு நிழல்களாய்த் தோன்றுவர்.

சென்ற கோடை விடுமுறையில், நமது பங்கின் மறைக்கல்வி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றோம். கடலையும் பறவைகளையும் காட்டி, மாலையில் திரும்புவது நமது எண்ணம். ஆயின் வேறொரு சுமையோடு திரும்பினோம்.

உப்பளத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவர் எங்களை வரப்பின்மீது அழைத்துச் சென்றார். உவர்நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகின்றனர். வெயிலில் அது சுண்டச் சுண்ட, ஒரு பாத்தியினின்று அடுத்த பாத்திக்கு மாற்றுகின்றனர். நீரின் செறிவு உரிய அளவை எட்டியதும் அடியில் உப்பு பூக்கின்றது. அதன் முன்னரே பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கியாக வேண்டும். இல்லையேல் உப்போடு சேறும் வந்துவிடும். விளைந்ததை நீண்ட கோலில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் ஏற்றுகின்றனர். வெயிலே இத்தொழிலின் முதல். வெண்மையினின்று எதிரொளிக்கும் அதே வெயில் தொழிலாளரின் கண்களைக் கெடுக்கின்றது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும்.

“மழை வந்தா ஊரெல்லாம் சந்தோஷப்படும் சாமி. எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சிடும்” என்றார் அவர். பாதங்களில் வெடிப்பு ஆழ ஓடியிருந்தது.

உப்பளங்களுக்கு அப்பால் கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பு கிடக்கின்றது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே என்பர். 5,151 எக்டேருக்கும் மேற்பட்ட இப்பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திர நாட்டினின்று கரையோரமாக இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாயும் இப்பகுதியில்தான் முடிவடைகின்றது. இருப்புப் பாதையும் சரக்குந்தும் பெருகுமுன், உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்ற நீர்வழி அது. சற்று வடக்கே கடப்பாக்கத்தில், 1760-இல் ஆங்கிலேயர் தகர்த்த ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் கடலை நோக்கி நிற்கின்றன.

கால்வாய்க் கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டபின், நாம் பிள்ளைகளுக்கு மேலும் பழைய செய்தி ஒன்றைச் சொன்னோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு, எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரின் வழியாகப் போகும்படி அவர் சொல்கிறார். அவ்வெயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமிக்க அகில் மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப்போல் கரையில் கிடந்தனவாம். பரதவர் அவற்றை விறகாக எரித்தனராம்; வந்த பாணர்க்குத் தேறலும் சுட்ட மீனும் அளித்தனராம். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா என்னும் துறைமுகமும் இதுவே எனக் கருதுவோர் உளர்.

உப்பளப் பெரியவரின் பேத்தி, ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள், தாத்தாவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “எங்க ஊரா சாமி? எங்க ஊரு புஸ்தகத்துல இருக்கா?” என்று வினவினாள். உண்டு என்றோம். “நாங்க படிக்கிற மாதிரி, கதையா யாராச்சும் எழுதியிருக்காங்களா?” என்றாள்.

மரக்காணத்தைப் பற்றி அத்தகைய கதை எதனையும் நாம் அறியோம். ஆகவே, பழைய வரலாற்றைக் கதையாக்கித் தமிழர்க்கு முதன்முதல் தந்தவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். “கல்கிதானே சாமி?” என்று நம்முடன் வந்த சிறுவன் முந்திக்கொண்டான். பெரியவர்களுள்ளும் பலர் அவ்வாறே எண்ணுவர். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ தொடராக வெளிவரத் தொடங்கியது 1941-இல். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்னரே, 1895-இல், ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவல் சென்னையில் அச்சேறிவிட்டது. எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை; இதே கடலின் தென்புறத்தே உள்ள திருகோணமலையில் பிறந்து, சென்னைக்கு வந்து கற்றவர். பெண்கள் கல்வியும் உரிமையும் பெறவேண்டும் என்பதைப் பொருளாக்கி 1892-லேயே ‘தத்தைவிடு தூது’ என்னும் செய்யுள் நூலும் இயற்றியவர். நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்துபோனார்.

மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கரும் தஞ்சை நாயக்கர் குலத்து இளவரசியுமே அந்நாவலின் தலைமாந்தர். பின்னாளில் அது மாணவர்க்கென்று சுருக்கப்பட்டு, ‘சொக்கநாத நாயக்கர்’ என்னும் பெயருடன் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. வரலாறு என்றாலே ஆண்டுகளின் அட்டவணை என்று அஞ்சிய சிறுவர்க்கு அது ஒரு வாயிலைத் திறந்திருக்கும்.

நமது வாசகர்க்கு இக்கதையில் தனியொரு உறவும் உண்டு. 1674-இல் புனித அருளானந்தர் மதுரை மறைத்தளத்துக்கு வந்தபோது மதுரை அரியணையில் இருந்தவர் இச்சொக்கநாதரே. அவர் காலத்துப் போர்களையும் பஞ்சங்களையும் பற்றி இயேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்கள், இன்றும் வரலாற்றாசிரியர்க்குச் சான்றாக நிற்கின்றன. அன்றியும், தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம்மவர். இரு சகோதரருள் ஒருவனைக் கரடி வளர்க்கும் பழைய ஐரோப்பியக் கதையை, ‘ஊசோன் பாலந்தை கதை’ என 1891-இல் தமிழாக்கிய திருகோணமலை இன்னாசித்தம்பியும் நம்மவரே. வேதநாயகரின் பெயரையேனும் நம் இல்லங்கள் அறியும். மற்றையோரை அறிந்தார் எத்துணை பேர்?

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நம் நா தடுமாறிற்று. காரணத்தை மறையாமல் எழுதிவிடுகிறோம். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஒரு கிராமப் பங்குக்கு அனுப்பப்பட்டோம். அங்குப் பங்கு இல்லத்தின் பின்னறையில் பழைய வாசகசாலை ஒன்று இருந்தது. செல்லரித்த அலமாரிகள் இரண்டு. அட்டை இழந்த கதைப் புத்தகங்கள் ஏராளம். இளைஞர் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று, தலைப்பையும் புரட்டிப் பாராமல், அனைத்தையும் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். உபதேசியார் மட்டும், “சாமி, இதுல பிள்ளைகள் படிச்ச ராஜா கதையெல்லாம் இருக்கு” என்று தயங்கினார். “காலம் மாறிவிட்டது” என்று நாம் விடை கூறினோம். அக்குவியலில் என்னென்ன இருந்தன என்று இனி யாரைக் கேட்பது? அந்த உபதேசியாரும் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

நூல்களை அழிப்பதற்குப் பகைவர் படையெடுத்து வரவேண்டுவதில்லை. நல்லெண்ணமும் அவசரமும் கொண்ட ஒருவர் போதும் என்பதை, அந்தச் சிறுமியின் முன் அமர்ந்திருந்தபோதுதான் உணர்ந்தோம். அவள் ஊருக்குக் கதை இல்லை என்று சொல்ல நேர்ந்த நாமே, கதைகளை எடைக்குப் போட்டவர்.

சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டார் நம் ஆண்டவர். உப்பு சோற்றில் கரைந்தபின் கண்ணுக்குத் தென்படாது. சுவையாக மட்டுமே நிற்கும். சரவணமுத்துப்பிள்ளை போன்றோரும் அவ்வாறே கரைந்தவர்கள். பின்வந்த வரலாற்றுக் கதைகளை விரும்பிச் சுவைத்த நாம், முதலில் கரைந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. உப்பை அன்றாடம் உண்டும், அதை மிதித்து விளைவித்த பாதங்களை நினையாததும் அத்தகையதே.

திரும்பி வந்தபின், சிறுபாணாற்றுப்படையின் எளிய உரைநூல் ஒன்றும் சிறுவர்க்கான வரலாற்றுக் கதைகள் சிலவும் வாங்கி அச்சிறுமிக்கு அனுப்பிவைத்தோம். ஒரு மாதங் கழித்து அஞ்சலட்டை வந்தது. அகில் மரம் கரையொதுங்கும் பகுதியைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாளாம். இப்போதும் புயலுக்குப்பின் மரங்கள் ஒதுங்கும், ஆனால் மணப்பதில்லை என்று அவர் சொன்னாராம். கதை எழுதத் தெரிந்தவர் அவ்வீட்டிலேயே இருக்கிறார் போலும்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலோ, ஆலயத்துப் பழைய அறையிலோ அட்டையற்ற புத்தகங்கள் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எழுதியவரின் பெயரை உங்கள் பிள்ளைகள் கேட்க உரக்கப் படியுங்கள். நமது பங்கில் ஓர் அலமாரி மீண்டும் வைத்துவிட்டோம். அது இன்னும் பாதிக்குமேல் காலியாகவே இருக்கின்றது.