மறையாத கை

ராமாபுரத்தைச் சேர்ந்த கன்னட ஆசிரியர் ஒருவர், தம் நாற்பத்தைந்தாம் வயதில், இரும்புக்கை மாயாவியின் கதைகளை மீண்டும் படிக்கத் தொடங்கினார். சிறுவயதில் அவர் வைத்திருந்த பிரதிகள் கரையானுக்கு இரையாகிவிட்டன. கையில் இருந்தவை அண்மைக்கால மறுபதிப்புகள். பழைய மகிழ்ச்சியை ஓரிரு மணி நேரம் திரும்பப் பெறலாம் என்பதற்கு மேல் அவருக்கு வேறு எதிர்பார்ப்பு இருக்கவில்லை.

ராமாபுரம், ஹனூரிலிருந்து பர்கூர் மலை வழியாக அந்தியூருக்குச் செல்லும் சாலையில் உள்ளது. இப்பகுதியை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. மொழிவழி மாநில அமைப்பின்போது மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது. நிர்வாகம் கன்னடத்துக்கு மாறிய பின்னரும் பல வீடுகளில் பேச்சு தமிழாகவே இருந்தது. அவர் வீடும் அத்தகையது. பள்ளியில் அவருக்குத் தமிழ் இல்லை. அம்மா அடுப்படியில் கரித்துண்டால் எழுதிக் காட்டிய எழுத்துகளே தொடக்கம். எஞ்சியதை மாயாவி கற்பித்தார். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு பார்க்கச் செல்லும் தாத்தா, பழைய காமிக்ஸ் இதழ்களைக் கட்டாக வாங்கி வருவார்.

மாயாவியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1962-இல் வேலியண்ட் என்னும் வார இதழில் அறிமுகமான தொடர் அது. ஓவியம், ஸ்பெயின் நாட்டவரான ஜீசஸ் பிளாஸ்கோவினுடையது. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவார். இரும்புக்கை மட்டும் மறையாது.

அவருக்குத் தெரிந்த எழுத்துத் தமிழ் முழுவதும் அந்த இதழ்களிலிருந்து வந்தது. லண்டன் காவலரும் கடற்கொள்ளையரும் ஒரே செந்தமிழில் உரையாடினர். எல்லைக்கு அப்பாலுள்ள தமிழர்கள் அவ்வாறே பேசுவர் என்று சிறுவன் நம்பினான். முதன்முறை அந்தியூருக்குச் சென்றபோது கடைக்காரரிடம், “ஐயா, எனக்கு ஒரு பென்சில் வேண்டும்” என்று கேட்டான். “என்ன கண்ணு, நாடகத்துல பேசறாப்ல பேசற?” என்று அவர் சிரித்தார். இரட்டை வழக்கு என்னும் சொல்லை அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவன் அதன் பொருளை அறிந்துகொண்டான்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து கர்நாடகத்தில் தமிழர்கள்மீது வன்முறை வெடித்தது. காமிக்ஸ் இதழ்கள் சாக்கில் கட்டப்பட்டுப் பரணுக்குச் சென்றன. அந்நாட்களில் ஒருமுறை கொள்ளேகால் பேருந்தில், நடத்துநர் கொடுத்த சில்லறையைச் சிறுவன் வாய்க்குள்ளேயே எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வருவதற்குள் அப்பாவின் கை அவன் வாயைப் பொத்தியது. கன்னடத்தை அவன் பிழையின்றிப் பேசுவான். ஆனால் எண்ணும்போது தமிழ்தான் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு வீரப்பன் கும்பல் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கிக் காவலர்களைக் கொன்றது. காட்டுக்குள் கண்ணில் படாமல் திரியும் மனிதன் ஒருவனைப் பற்றிய அச்சம் ஊரெங்கும் நிறைந்திருந்தது. மாயாவி விளையாட்டைச் சிறுவர்கள் தாமாகவே நிறுத்திவிட்டனர்.

இவ்வளவையும் கடந்து வந்தவர் மீண்டும் படித்தபோது, நினைவில் இருந்த கதையும் தாளில் இருந்த கதையும் ஒன்றாக இல்லை. மறைதல் என்பது வரம் என்றே அவர் நினைவு சொல்லிவந்தது. நினைத்தவுடன் மறையலாம், எங்கும் நுழையலாம், எவரும் தடுக்க இயலாது. தாளிலோ ஒவ்வொரு முறை மறைவதற்கும் அந்த மனிதர் உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறிது நேரத்தில் அந்த ஆற்றலும் தீர்ந்துவிடுகிறது. மறைந்திருக்கும்போதும் அந்தரத்தில் தெரியும் கையைக் கண்டுதான் எதிரிகள் துப்பாக்கியை உயர்த்துகின்றனர். ஆங்கில மூலத்தின் தொடக்கத்தில் கிராண்டேல் குற்றவாளியாகவே வருகிறார் என்பதையும், பின்னரே அரசின் உளவாளியாகிறார் என்பதையும் அவர் இப்போதுதான் அறிந்தார். கண்ணில் படாமலிருப்பது ஒருவரை நல்லவராக்கிவிடாது என்பதை அந்தக் கதை முதலிலேயே சொல்லிவிட்டிருந்தது.

பேருந்தில் வாய் பொத்தப்பட்ட சிறுவன் அந்தக் கையை ஏன் அத்தனை விரும்பினான் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. மறையும் உடலுக்காக அவன் அந்தக் கதைகளைப் படிக்கவில்லை. மறைக்க முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டே ஒருவன் கதையின் கடைசிப் பக்கம்வரை பிழைத்திருக்கிறான் என்பதே அவனுக்குத் தேவைப்பட்டது.

அவர் மகளுக்குத் தமிழ் பேசவரும், படிக்கத் தெரியாது. ஒரு நாள் அவள் அருகில் வந்து, பக்கத்தில் இருந்த ஓர் எழுத்தைச் சுட்டி, “இது எந்த எழுத்து அப்பா? நம்ம கன்னடத்துல இல்லையே?” என்றாள். அது ழகரம். கன்னடத்திலும் முன்பு இவ்வொலிக்குத் தனி எழுத்து இருந்தது, பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அதை இன்றும் காணலாம், பிற்காலத்தில் வழக்கொழிந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அவர் சொல்லும் செய்திதான் அது. மகளுக்கு மட்டும் அதுவரை சொன்னதில்லை. சொன்னார். பின்னர் பென்சிலை எடுத்து, இதழின் ஓரத்திலேயே பெரிதாக ஒரு ‘ழ’ எழுதி, அதைப் பார்த்து எழுதச் சொன்னார்.