கொலுப்படிக்குக் கீழே கார்

நவராத்திரி வந்தால் மைசூரு வீடுகளில் 'பொம்பெ ஹப்ப' - நம் கொலுதான். ராஜா, ராணி மரப்பொம்மைகளுக்குப் பட்டுடுத்தி மேல் படியில் அமர்த்துவது பெரியவர்கள் வேலை. கீழே அட்டையில் அரண்மனை, மணலில் சாலை அமைத்துக் கார் நிறுத்துவது அப்பாவும் பிள்ளைகளும். மரக் கார்களுக்குத் தாய்வீடு, பெங்களூரு வழியில் சுமார் 80 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னபட்டணா. கடைசல் இயந்திரத்தில் சுழலும் வெட்பாலை மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் வண்ணம் உருகிப் படிகிறது. தாழை மடலால் தேய்த்ததும் பளபளக்கிறது. புவிசார் குறியீடு கிடைத்தும் மலிவு பிளாஸ்டிக்குடனான போட்டி ஓயவில்லை. தசரா முடிந்து பரணேறும் மரக் காரின் சக்கரம் அடுத்த வருடம் கழன்றிருந்தால் அப்பாவும் மகளும் உட்கார்ந்து மாட்டிவிடலாம். பிளாஸ்டிக் உடைந்தால் குப்பைதான்.